நியூட்ரினோவுக்கு வழி உண்டு, லாரிக்கு?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் குறுக்கு வழி கல்லட்டி மலைப்பாதை. தலைகுந்தாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை தலைகீழாக இறங்கத் தொடங்கும். 36 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஸ்வெட்டரோடு வண்டி ஏறியவர் பாதி வளைவு முடிவதற்குள் அதைக் கழற்றி மடியில் வைத்திருப்பார். தேயிலையும் யூக்கலிப்டஸும் காரட் தோட்டமும் முடிந்து முள்மரமும் மூங்கிலும் புழுதியும் வந்துவிடும். தென்மேற்குப் பருவமழையை நீலகிரி தன் மேற்குத் தோளிலேயே இறக்கி வைத்துவிடுவதால், மலையின் இந்த வடக்குப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். இதுதான் சீகூர் பீடபூமி. மசினகுடியிலிருந்து காட்டுச் சாலையில் இன்னும் சில கிலோமீட்டர் போனால், சுவர்போல் எழும் மலையின் காலடியில் சிங்காரா.

சிங்காராவுக்கு மின்சாரத்தோடு பழைய உறவு. மேலே பைக்காரா ஆற்றில் பிடித்த தண்ணீரைக் குழாயில் இறக்கி, 1932-ல் இங்கே மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். தென்னிந்திய ஆலைகள் பல ஓடியது அந்த மின்சாரத்தில்தான். 2005-ல் அதே தண்ணீருக்கு இன்னொரு நிலையம் வந்தது: பைக்காரா இறுதிநிலை நீர்மின் திட்டம், 150 மெகாவாட். இது வெளியில் தெரியாது. மலையைக் குடைந்து, உள்ளே ஒரு பெரிய கூடம் வெட்டி, அதில் எந்திரங்களை வைத்திருக்கிறார்கள்.

மின்வாரியம் மலையைக் குடைந்துகொண்டிருந்த அதே காலத்தில் இயற்பியலாளர்கள் சிலர் நல்ல மலை ஒன்றைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு ஏன் மலை தேவைப்பட்டது என்பதைச் சொல்ல நியூட்ரினோவிடம் போக வேண்டும். சூரியனின் நடுவில் நடக்கும் அணுக்கரு இணைவில் பிறக்கும் இந்தத் துகள்கள், உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தை ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் கடந்துபோகின்றன. இரவிலும் அப்படித்தான், பூமியைத் துளைத்துக்கொண்டு கீழேயிருந்து வரும். மின்னூட்டம் கிடையாது, எடை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே பல பத்தாண்டுகள் ஆயின. எதோடும் ஒட்டாத பிறவி. வளிமண்டலத்தின் உச்சியில் காஸ்மிக் கதிர்கள் மோதும்போதும் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று அபூர்வமாக ஓர் இரும்பு அணுவில் மோதினால், அந்த மோதலின் தடயத்தைப் பிடிக்கலாம். ஆனால் அதே காஸ்மிக் கதிர்கள் மியூவான் என்ற இன்னொரு துகளையும் மழையாகப் பொழிகின்றன. விரித்த உள்ளங்கையில் நொடிக்கு ஒன்றிரண்டு விழுகிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது மாதிரி.

அதற்குப் பாறையே மருந்து. தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் ஒரு கிலோமீட்டர் கெட்டிப் பாறை இருந்தால் மியூவான் மழை லட்சக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். நியூட்ரினோவுக்கோ அந்தப் பாறை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

இந்த வித்தையில் இந்தியா முன்னோடி. கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் கருவி வைத்து, 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் பதிவு செய்தவர்களில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் குழுவும் ஒன்று. தங்கம் தீர்ந்து செலவு ஏறியதால் 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. ஆழத்தில் தண்ணீர் ஏறியது. உலகத்தின் மற்ற நியூட்ரினோ ஆய்வகங்களும் பெரும்பாலும் சுரங்கத்தின் வாடகைக் குடித்தனம்தான். கனடாவின் சட்பரியில் நிக்கல் சுரங்கம், அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக்கில் தங்கச் சுரங்கம், ஜப்பானின் காமியோகாவில் துத்தநாகச் சுரங்கம். காமியோகா சுரங்கத்திலிருந்து ஆற்றில் கலந்த காட்மியம்தான் கீழே வயல்களில் ஏறி, எலும்பை நொறுக்கும் இடாய்-இடாய் நோயைக் கொடுத்தது. நியூட்ரினோ ஆய்வுக்குக் கிடைத்த நோபல் பரிசும் அந்த நோயும் ஒரே மலையிலிருந்து வந்தவை. ஏற்கெனவே குடைந்த மலையில் ஆய்வகம் வைப்பதில் ஒரு வசதி உண்டு: கெடுதல் முன்பே நடந்து முடிந்திருக்கும்.

இந்திய நியூட்ரினோ ஆய்வகக் குழுவின் கண்ணில் சிங்காரா பட்டதற்கும் இதுவே காரணம். மின்வாரியத்தின் குகையே பாறையின் தரத்துக்கு அத்தாட்சி. அந்தப் பாறை சார்னோகைட். கல்கத்தாவின் தொடக்கத்தோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும், சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பாறையும் ஒரே இனம் என்று கண்ட தாமஸ் ஹாலண்ட் 1893-ல் வைத்த பெயர் அது. நீலகிரியில் அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. சல்லடைபோல் துளைபடாத, விரிசல் குறைந்த கல். திட்டம் இதுதான்: அந்த மின்நிலையத்தின் பக்கத்திலேயே சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் கூடங்கள், பெரிய கூடத்தில் 50,000 டன் இரும்பைத் தட்டுத் தட்டாக அடுக்கிய காந்தம். கதிர்வீச்சு இல்லை, கழிவுநீர் அதிகமில்லை, வீடுகளைக் காலி செய்ய வேண்டியதில்லை. வேலை முடிந்தபின் உள்ளே இருக்கப் போகிறவர்கள் கொஞ்சம் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும்.

காகிதத்தில் இதைவிடச் சாதுவான திட்டம் கிடையாது. நானும் முதலில் படித்தபோது, இதற்கு எதற்கு எதிர்ப்பு என்றுதான் நினைத்தேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தபிறகு அப்படித் தோன்றவில்லை. நீங்களும் போட்டுப் பாருங்கள். லாரி போய்வரும் சுரங்கப்பாதை என்றால் 7 மீட்டர் அகலம், 7 மீட்டர் உயரம் வேண்டும். 2 கிலோமீட்டர் நீளத்துக்கு அது ஏறத்தாழ ஒரு லட்சம் கன மீட்டர். சார்னோகைட் தண்ணீரைப்போல் 2.7 மடங்கு கனம், ஆக 2.7 லட்சம் டன் கல். கூடங்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. லாரிக்கு 10 டன் என்றால் 27,000 லோடு. உள்ளே வரவேண்டிய இரும்பு 5,000 லோடு. சிமெண்ட், கம்பி, எந்திரம் எல்லாவற்றையும் மறந்துவிடுவோம். 32,000 லோடு என்றால் போக, வர 64,000 ஓட்டம். வருடத்துக்கு 300 நாள் வீதம் 5 வருடம் வேலை நடந்தால், நாளொன்றுக்கு 43. இரவில் காட்டுச் சாலையில் ஓட்டக்கூடாது. பகல் 12 மணி நேரத்தில் ஓட்டினால் 17 நிமிடத்துக்கு ஒரு லாரி. ஐந்து வருடம்.

இந்த லாரிகள் எந்த வழியாக வரும்? கல்லட்டியில் கனரக வண்டி இறங்க முடியாது. மைசூர் பக்கமிருந்து பந்திப்பூர், முதுமலை வழியாகத் தெப்பக்காடு வந்து மசினகுடிக்குத் திரும்பவேண்டும். இரண்டு புலிகள் காப்பகங்களின் நடு வயிறு அது. அந்தச் சாலையில் இரவில் அடிபட்டுச் சாகும் விலங்குகளைப் பார்த்துத்தான் 2009-ல் பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்குத் தடை வந்தது.

சீகூரின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இன்னொன்று புரியும். தெற்கே மலைச்சுவர், வடக்கே மாயாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மேடு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சத்தியமங்கலம் வழியாகக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்குப் போகும் யானைகளுக்கு இது ஒரு கழுத்து. உலகத்தில் ஆசிய யானைகள் அதிகம் வாழும் நிலப்பரப்பு இந்த நீலகிரி, மைசூர் காடுகள்தான். அந்தக் கழுத்தில் மின்வாரியத்தின் கால்வாய்களும் குழாய்களும் ஏற்கெனவே இருக்கின்றன. பொக்காபுரம், வாழைத்தோட்டம் பக்கம் சொகுசு விடுதிகள். மிச்சம் இருக்கும் இடைவெளிகளில்தான் யானை நடக்கிறது.

யானை கேட்பதும் நாம் கேட்பதும் ஒன்றில்லை. 1984-ல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் கொட்டடியில் நின்றபோது காற்றில் ஓர் அதிர்வை உடம்பால் உணர்ந்தார். காதில் எதுவும் விழவில்லை. பதிவு செய்து பார்த்தபோதுதான் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவை பேசிக்கொள்வது தெரிந்தது. நிலத்தில் பரவும் அதிர்வையும் யானை பாதத்தால் உணரும் என்று பின்னால் ஆப்பிரிக்காவில் ஆய்வுகள் காட்டின. பாறைக்குள் வெடி வைத்தால் அதன் சத்தம் ஊருக்குக் கேட்காது என்று அறிக்கையில் எழுதிவிடலாம். யாருடைய காதுக்கு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இங்கே மதிப்பீடு என்ற நடைமுறையைப் பற்றிக் கொஞ்சம். இந்தியாவில் பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994 ஜனவரியில் கட்டாயமானது. இப்போது நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. திட்டம் எந்த வகை என்று முடிவுசெய்வது, எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று பட்டியல் தருவது, மக்கள் கருத்தைக் கேட்பது, நிபுணர் குழு எடைபோடுவது என்று வேலை நகரும். வனநிலம் என்றால் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி அனுமதி, சரணாலயத்தின் பக்கம் என்றால் வனவிலங்கு வாரியத்தின் அனுமதி. மூன்று கதவு, மூன்று சாவி. அறிக்கையை எழுதும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவர். மாப்பிள்ளை வீட்டார் காசில் ஜாதகம் பார்த்தால் பத்தில் எட்டுப் பொருத்தமாவது வரத்தானே செய்யும். அதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது பருவம். அடிப்படைத் தகவலை ஒரே ஒரு பருவத்தில், மழை இல்லாத மூன்று மாதத்தில் திரட்டினால் போதும் என்று பல திட்டங்களுக்கு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. யானை கோடையில் தண்ணீர்க் கரையில் நிற்கும், மழை வந்தால் புல்லைத் தேடிப் போகும். மூன்று மாதம் எண்ணிவிட்டு ‘இங்கே யானை குறைவு’ என்று எழுதினால் அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

சிங்காராவில் கடைசியில் நடந்தது வழக்கத்துக்கு மாறானது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினர் செயலர் ராஜேஷ் கோபால் அந்த இடத்தைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். இடம் முதுமலையின் விளிம்பு மண்டலத்தில் விழுகிறது, மையக் காட்டுக்கு மிக நெருக்கம். இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே யானைகள் போகும் தடம். குடியிருப்புகளாலும் விடுதிகளாலும் ஏற்கெனவே நெருக்கடி. கட்டுமானப் பொருள்கள் இரண்டு காப்பகங்களின் மையப்பகுதி வழியாக வர வேண்டியிருக்கும். அறிக்கையின் சாரம் இவ்வளவுதான். கவனித்தீர்களா, நியூட்ரினோவைப் பற்றி ஒரு குறையும் அதில் இல்லை. குகையைப் பற்றியும் இல்லை. எல்லாம் சாலையைப் பற்றியும் இடத்தைப் பற்றியும்தான். 2009 நவம்பர் 20 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், அணுசக்தித் துறைச் செயலர் அனில் ககோட்கருக்குக் கடிதம் எழுதினார்: சிங்காராவில் அனுமதி இல்லை; தேனி மாவட்டத்தில் சுருளிப் பக்கம் பாருங்கள், அங்கே இத்தனை சிக்கல் இருக்காது.

‘இங்கே எப்படிக் கெடுதலைக் குறைப்பது’ என்று கேட்டுப் பழகிப்போன நடைமுறையில் ‘இங்கே ஏன்’ என்று ஒருவர் கேட்டு, அதற்கு மதிப்பும் கிடைத்தது. அதனால்தான் இந்தக் கதைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினேன்.

ஆனால் கதை தேனியில் வேறு மாதிரித் திரும்பியது. சுருளிப் பக்கம் மேகமலைக் காடு என்பதால் அது சரிப்படவில்லை; போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் தேர்வானது. 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி, 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல். பூவுலகின் நண்பர்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதையும், அறிக்கை எழுதிய நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லாததையும் காட்டி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. ஓராண்டு கழித்து, 2018 மார்ச்சில், மத்திய நிபுணர் குழு அதைச் சிறப்பு நேர்வாக எடுத்துப் பரிந்துரைக்க, அமைச்சகம் மறுபடி அனுமதி கொடுத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? அட்டவணையின் 8(அ), கட்டடக் கட்டுமானம். பழைய மகாபலிபுரம் சாலையில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பும் வணிக வளாகமும் வரும் அதே பிரிவு.

மலைக்குள் வெடி வைத்துப் பல லட்சம் டன் கல் எடுப்பது கட்டடமா, சுரங்கமா? இது வெறும் பெயர்ச் சண்டையில்லை. எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அந்தப் பெட்டியின் கேள்விகள்தான் கேட்கப்படும். நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் ஆர்ட்டீசியன் நீர் இருக்கிறது. மேல் மண்ணை அகற்றியதும் அந்த நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்து மேலே வரப்பார்க்கும். அதனால் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். சுரங்கம் விரிய விரிய இறைப்பதும் நகரும், சுற்றுக் கிராமங்களின் கிணற்று மட்டமும் பேச்சுக்கு வரும். சுரங்கம் என்ற பெட்டியில் இருப்பதால் நிலத்தடி நீர், மேல்மண் குவியல், மூடிய பின் நிலத்தைச் சீர்செய்வது, கையகப்படுத்தும் வயல் என்று கேள்விகள் வந்தே தீரும். விடை நேர்மையாக இருந்ததா என்பது வேறு விஷயம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட நெற்பயிர் மேல் மண்வாரி எந்திரம் ஏறியதைத் தமிழ்நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. ஆனாலும் கேள்வியாவது அறிக்கையில் இருக்கும். கட்டடம் என்ற பெட்டியில் கேட்கப்படுவது வாகன நிறுத்தம், மழைநீர் சேகரிப்பு, குப்பை.

மலைக்குள்ளிருந்து தண்ணீரில் ஏதாவது கசிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி சாட்சி. கிரான் சாசோ மலையில் நெடுஞ்சாலைச் சுரங்கத்தை ஒட்டி 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் ஆய்வகம் இருக்கிறது. 2002 ஆகஸ்டில் அங்கே சுமார் 50 லிட்டர் வேதிப்பொருள் கசிந்து கீழே ஓடையில் கலந்தது. 50 லிட்டர்தான். அதற்கே ஆய்வகத்தின் வேலைகள் நீண்ட காலம் முடங்கின. பொட்டிப்புரத்தில் அந்த வேதிப்பொருளுக்கு வேலை இல்லை என்றாலும், மலை எங்கே தண்ணீர் வைத்திருக்கிறது என்று துளையிடுமுன் சொல்வது எளிதில்லை.

2018 நவம்பரில் தீர்ப்பாயம் அந்தப் புதிய அனுமதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக்கூடாது என்றது. 2021-ல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இந்த ஆய்வகம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. புலிகளின் வலசைப் பாதை என்பதே முக்கியக் காரணம். இதற்கிடையில் சீனா ஜியாங்மென் பக்கத்தில் 700 மீட்டர் ஆழத்தில் தன் நியூட்ரினோ ஆய்வகத்தைக் கட்டி முடித்து, 2025 ஆகஸ்டில் தகவல் சேகரிக்கத் தொடங்கிவிட்டது. நியூட்ரினோக்களில் எது கனம், எது லேசு என்ற வரிசையைக் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் குறி. நம் ஆய்வகத்தின் முதன்மைக் கேள்வியும் அதுவாகத்தான் இருந்தது. கோலாரை அறிந்த எவருக்கும் இது வலிக்கும். எனக்கும் வலித்தது. இருந்தாலும் தாமதத்துக்கு யானையைக் குறைசொல்ல மாட்டேன். முதல் வருடத்திலேயே இடத்தைப் பற்றிய கேள்வியை நேராகக் கேட்டிருந்தால் பதினைந்து வருடம் மிச்சமாகியிருக்கும்.

சிங்காராவுக்குத் திரும்புவோம். ஆய்வகம் வராததால் சீகூர் பிழைத்ததா? 2010 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. விடுதி உரிமையாளர்கள் வழக்காடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2011-லும், உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரிலும் அரசின் பக்கம் நின்றன. அடுத்த ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரியும் டயரை வீசினார்கள். காது கருகி ரத்தம் ஒழுக ஓடிய அந்த ஆண் யானை சில நாளில் செத்தது. 50,000 டன் இரும்புக்கு மத்திய அமைச்சர் வரை போய் அனுமதி கேட்கவேண்டியிருந்தது. அந்த விடுதிகளில் ஒவ்வொன்றும் தனித்தனியே சின்னது. கட்டடத்துக்கு மதிப்பீடு 20,000 சதுர மீட்டரில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இந்த நடைமுறை எதையும் கேட்பதில்லை. பத்து அறை, இருபது அறை, ஒரு மின்வேலி, ஒரு ஜீப் சவாரி. இந்தச் சின்ன விடுதிகளை எல்லாம் கூட்டி எவ்வளவு என்று எழுதச் சொல்லி 2006 அறிவிக்கை யாரையும் கேட்பதில்லை.

மேல்மலையில் குந்தா நீரேற்று மின் திட்டம், 500 மெகாவாட், மலையைக் குடைந்து கட்டப்பட்டு வருகிறது. சில்லஹல்லாவில் இன்னொன்று கொண்டுவரத் திட்டம் இருக்கிறது. படுகர் கிராமங்களில் எதிர்ப்பும் இருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வரவேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கவேண்டும், முழு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கவேண்டும். நீலகிரியோ கடலூரோ, உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒன்று வந்தால் போய் வாங்கிப் பாருங்கள். பறவைப் பட்டியலில் தொடங்காதீர்கள். 2006 அறிவிக்கை சொல்லும் வரிசைப்படி ஐந்தாவது அத்தியாயம் ‘மாற்று இடங்களும் மாற்றுத் தொழில்நுட்பமும்’. முதலில் அதைப் புரட்டுங்கள். எத்தனை பக்கம் இருக்கிறது என்று எண்ணுங்கள்.